தாயின் கருவறை பழிக்குரியதன்று



தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் அதியமான்கோட்டை என்னும் ஊர் உள்ளது. தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரை இன்றளவும் தாங்கி நிற்கும் ஊர் அது. சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய சுவரோவியங்களைக் காணவும், காலபைரவர் கோயிலுக்குச் செல்லவும் வெளியூரார் பலர் அங்கே வருவதுண்டு. ஆயினும் அவ்வூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் தாங்கி நிற்பவை புன்செய் நிலங்களும் மாட்டுத் தொழுவங்களுமே. மழை பொய்த்த ஆண்டில் கேழ்வரகு கைவிட்டாலும், ஒரு கறவைப் பசுவும் நான்கு வெள்ளாடுகளும் ஒரு குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்துவிடும்.

அத்தகைய வீட்டில் பசு சினை பிடித்துவிட்டால் அதனை எவ்வளவு பரிவோடு பேணுகிறார்கள் என்பதை நாம் அறிவோம். சினை நின்ற நாளைக் குறித்து வைக்கிறார்கள். நிறைமாதத்தில் அதனை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுவதில்லை, அடிப்பதில்லை. கன்று ஈனும் இரவில் வீட்டுத் தலைவர் உறங்காமல் தொழுவத்திலேயே காத்திருக்கிறார். நஞ்சுக்கொடி விழத் தாமதமானால் பொழுது விடிந்ததும் கால்நடை மருத்துவரை அழைத்து வருகிறார். பசுவின் கருப்பையைப் பற்றி அவர் அறிந்திருப்பவை பல. அவற்றை வெளிப்படையாகப் பேசவும் அவர் தயங்குவதில்லை.

ஆனால் அதே வீட்டில் உள்ள தம் மனைவியின் கருப்பையைப் பற்றி அவர் அறிந்தது என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. அதைப் பற்றிப் பேசுவதே நாணத்திற்குரியது என்று எண்ணுகிறோம். இந்த நாணம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்துவதாக இல்லை. அருள் நிறைந்த மரியே என்னும் செபத்தைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு தாயின் வயிற்றை வாழ்த்துகிறோம் அல்லவா? ஒரு முழுச் செபமாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை அவ்வாறு வாழ்த்துகிறோம். நாவினால் வாழ்த்துகின்ற ஒன்றை அறிவினால் அறியாமல் இருப்பது முறையா?

அறியாமை வாளா இருப்பதில்லை, பழியாக உருவெடுக்கிறது. நம் பங்குகளில் தாய்மார்கள் தனியே, தாழ்ந்த குரலில் கேட்கும் வினாக்கள் மூன்று. "கரு ஏன் என்னிடம் தங்குவதில்லை?" என்பது ஒன்று. "எனக்கு ஏன் பெண்ணாகவே பிறக்கிறது?" என்பது மற்றொன்று. "தொல்லை தரும் கருப்பையை எடுத்துவிட்டால் என்ன?" என்பது மூன்றாவது. இம்மூன்றிற்கும் விடை காண, கருப்பையின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம்.

கொம்புள்ள கருப்பையும் கொம்பில்லாக் கருப்பையும்

பாலூட்டும் உயிர்கள் அனைத்திற்கும் கருப்பை ஒரே வடிவில் அமைந்திருக்கவில்லை. முயலுக்கு இரண்டு கருப்பைகள் உண்டு. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கழுத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வாழும் கங்காருவுக்கும் கருப்பைகள் இரண்டே.

பசு, எருமை, வெள்ளாடு, செம்மறி, பன்றி, நாய் ஆகியவற்றின் கருப்பை வேறு வகையானது. கீழ்ப்பகுதி ஒன்றாகவும் கழுத்து ஒன்றாகவும் இருக்க, மேற்பகுதி இரண்டு கொம்புகளாகப் பிரிந்து செல்கின்றது. பசுவின் கருப்பையில் அக்கொம்புகள் ஆட்டுக்கிடாயின் கொம்புகளைப் போல் சுருண்டிருக்கும். கன்று பெரும்பாலும் ஒரு கொம்பிலேயே வளர்கிறது. நாயிலும் பன்றியிலும் கொம்புகள் நீண்டவை. நூலில் கோத்த மணிகளைப் போல் குட்டிகள் இரு கொம்புகளிலும் வரிசையாகத் தங்கி வளர்கின்றன. பல குட்டிகளை ஒரே ஈற்றில் ஈனும் உயிர்களுக்கு இவ்வமைப்பு எத்துணைப் பொருத்தமானது!

குரங்குகளுக்கும் மனிதருக்கும் கொம்புகள் இல்லை. பெண்ணின் கருப்பை ஒரே அறையை உடையது. கொய்யாக்காய் ஒன்றைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்தால் எவ்வாறு தோன்றுமோ, ஏறக்குறைய அவ்வடிவத்தை உடையது. நீளம் சுமார் 7.5 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், பருமன் 2.5 சென்டிமீட்டர். எடை 50 அல்லது 60 கிராம்தான். முன்னே சிறுநீர்ப்பையும் பின்னே மலக்குடலும் இருக்க, அவற்றின் நடுவே அது சற்று முன்சாய்ந்து அமர்ந்திருக்கிறது. அதன் இரு தோள்களிலிருந்தும் இரண்டு கருக்குழாய்கள் சூலகங்களை நோக்கிச் செல்கின்றன. கருப்பையின் சுவர் உறுதியான தசையால் ஆனது. உட்புறம் மென்மையான படலம் ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு சிறிய உறுப்பு நிறைமாதத்தில் ஏறத்தாழ 1 கிலோ எடையுள்ளதாக வளர்கிறது. குழந்தையின் எடையும் பனிக்குட நீரின் எடையும் அதில் சேரா. பேறு முடிந்து ஆறு வாரங்களில் அது மீண்டும் தன் பழைய அளவிற்குத் திரும்பிவிடுகிறது. உடலின் வேறெந்த உறுப்பும் இவ்வாறு பெருகிச் சுருங்குவதில்லை.

அறிஞரும் மயங்கிய இடம்

பெண்ணின் கருப்பை ஒரே அறையை உடையது என்னும் இவ்வெளிய உண்மையை உலகம் அறிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கமில்லாத காலத்தில், கிறிஸ்து பிறந்த பின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் விலங்குகளை அறுத்துப் பார்த்தே மனித உடலை விளக்கினார். பெண்ணின் கருப்பைக்கும் இரண்டு அறைகள் உண்டென்றும், வலப்புறத்தில் ஆணும் இடப்புறத்தில் பெண்ணும் உருவாகும் என்றும் அவர் எழுதிவைத்தார். பின்வந்தோர் சிலர் அறைகள் ஏழு என்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பா இவற்றை நம்பியது.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் லியொனார்டோ டாவின்சி 1511ஆம் ஆண்டை ஒட்டி, தாய் வயிற்றில் குழந்தை சுருண்டு கிடக்கும் காட்சியை வரைந்தார். இன்றும் அதனைக் காண்போர் வியக்கின்றனர். ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. பசுவின் நச்சுக்கொடி, மொட்டு மொட்டாகப் பல இடங்களில் கருப்பையோடு ஒட்டியிருக்கும். பெண்ணின் நச்சுக்கொடியோ தோசையைப் போல் ஒரே வட்டமாக இருக்கும். லியொனார்டோ மனிதக் குழந்தையை வரைந்துவிட்டு, அதற்குப் பசுவின் நச்சுக்கொடியை வரைந்துவிட்டார்! 1543இல் வெசாலியுஸ் என்னும் அறிஞர், மனித உடலையே அறுத்துப் பார்த்து எழுதிய பெருநூலை வெளியிட்ட பின்னரே இத்தகைய மயக்கங்கள் மெல்ல விலகத் தொடங்கின.

இவ்வரலாற்றில் நம் திருச்சபைக்கு நெருங்கிய ஒருவரும் இடம்பெறுகிறார். டென்மார்க் நாட்டில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன் சிறந்த உடற்கூற்று அறிஞர். குட்டி ஈனும் சுறாமீனை ஆராய்ந்த அவர், முட்டையிடும் உயிர்களுக்குச் சூலகம் இருப்பது போலவே பெண்ணுக்கும் சூலகம் உண்டு. அதில் முட்டைகள் உண்டு என்று 1667இல் எழுதினார். அதே ஆண்டில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பின்னர் குருவாகி, 1677இல் ஆயராகவும் உயர்ந்தார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டத்தை அளித்தார். உடலின் உண்மையை ஆராய்வது இறைப்பற்றுக்கு மாறானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கரு ஏன் தங்குவதில்லை?

இனி முதல் வினாவிற்கு வருவோம். பெண்ணின் கருப்பை ஒன்றாகவே தோன்றுவதன்று. அவள் தன் தாயின் வயிற்றில் சிறு கருவாக இருக்கும்போது, இரு பக்கமும் இரண்டு நுண்குழாய்கள் தோன்றுகின்றன. ஒகேனக்கல்லில் சின்னாறு வந்து காவிரியோடு கலப்பது போல், அவை கீழிருந்து மேலாக ஒன்று கலக்கின்றன. கலந்தபின் நடுவே நிற்கும் சுவர் கரைந்து ஒரே அறை உண்டாகிறது. முயலில் அக்கலப்பு நிகழ்வதில்லை. பசுவில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. மனிதரில் முழுமையாக நிறைவேறுகிறது.

சிலரிடம் இக்கலப்பு நிறைவு பெறுவதில்லை. அப்போது பசுவிற்கு இருப்பது போல் இரு கொம்புள்ள கருப்பையோ, நடுவே தடுப்புள்ள கருப்பையோ அமைந்துவிடும். அரிதாக, முயலுக்கு இருப்பது போல் இரண்டு கருப்பைகளே இருப்பதும் உண்டு. ஏறத்தாழ நூறு பெண்களில் ஐவரிடம் இத்தகைய மாற்றங்களில் ஏதேனும் ஒன்று இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. அவர்களில் பலர் அதை அறியாமலே நல்ல முறையில் பிள்ளை பெற்று வாழ்கின்றனர். சிலருக்கோ கரு கலைவதும், குறைமாதத்தில் பேறு நேர்வதும், குழந்தை தலை திரும்பாமல் இருப்பதும் உண்டு.

இது எப்போது நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். அப்பெண் பிறக்கும் முன்னரே நிகழ்ந்தது! அவள் உண்ட உணவோ, தூக்கிய குடமோ, சென்ற இடமோ, செய்த பாவமோ இதற்குக் காரணமாகாது. கண்ணேறு, செய்வினை என்று கூறி மந்திரிக்க அழைத்துச் செல்வதும் பயனற்றது. கரு கலைந்த மருமகளைப் பார்த்து, "வயிறு சரியில்லாதவள்" என்று சொல்லும் மாமியார், அவள் கருவாக இருந்த காலத்து நிகழ்ச்சிக்காக அவளைத் தண்டிக்கிறார்.

கருச்சிதைவுகள் எல்லாவற்றிற்கும் கருப்பையே காரணம் என்பதும் இல்லை. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, அக்கருவின் நிறப்புரிகளில் தொடக்கத்திலேயே நேர்ந்த குறையால் கலைகின்றன. நிறப்புரிகள் எனப்படும் குரோமோசோம்கள் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் தாயிடமிருந்து ஒரு பாதியும் வருபவை. ஆகவே இரண்டு முறை கரு கலைந்துவிட்டால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே மகப்பேறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஸ்கேன் வழியாகக் கருப்பையின் வடிவத்தை அறிந்துகொள்ளலாம். வடிவத்தில் மாற்றம் இருந்தால் சிறுநீரகங்களையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று. ஏனெனில் இவ்விரு உறுப்புகளும் கருவில் அருகருகே தோன்றுபவை. அறுவை எல்லோருக்கும் தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

கருவில் பிள்ளையை இழந்த தாய்க்கு இன்னொரு துயரமும் உண்டு. "என் பிள்ளை ஞானஸ்நானம் பெறவில்லையே, அதன் கதி என்ன?" என்று அவள் உள்ளுக்குள் அழுகிறாள். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. அக்குழந்தைகள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று, அனைத்துலக இறையியல் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையும் எடுத்துரைத்தது. அத்தாய்க்கு இதைச் சொல்லி ஆறுதல் தருவது நம் கடமையாகும்.

ஏன் பெண்ணாகவே பிறக்கிறது?

இரண்டாம் வினா நம் பகுதிக்கு மிகவும் வேதனையானது. தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தவன் அதியமான் என்று தமிழுலகம் போற்றுகிறது. ஒரு பெண் நெடிது வாழ வேண்டும் என்று விரும்பிய மன்னனின் மண் இது. அந்த மண்ணிலேயே, பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமை பரவியதை நாடறியும். 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் தொடங்கிற்று. 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் அதை விரிவாக்கிற்று. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 900 பேர்கூட இல்லை. 2011இல் அந்நிலை ஓரளவு சீரடைந்தது. ஆயினும் பெண்ணைப் பெற்றவள் மேல் சுமத்தப்படும் பழி இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் கருப்பை தீர்மானிப்பதில்லை. அதன் வலப்புறமும் இடப்புறமும் தீர்மானிப்பதில்லை. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், மாவில் உண்டாகும் புழுவின் வண்டை ஆராய்ந்து இவ்வுண்மையைக் கண்டறிந்தார். மனிதரிலும் அவ்வாறே. தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் என்னும் நிறப்புரியையே கொண்டிருக்கிறது. தந்தையின் விந்தணுக்களில் பாதி எக்ஸ் நிறப்புரியையும் பாதி ஒய் நிறப்புரியையும் கொண்டவை. எக்ஸ் உடைய விந்தணு முட்டையோடு சேர்ந்தால் பெண். ஒய் உடையது சேர்ந்தால் ஆண். கரு கருப்பையை வந்தடைவதற்குச் சில நாள்களுக்கு முன்பே, கருக்குழாயிலேயே இது முடிந்துவிடுகிறது. கருப்பை, வந்த விருந்தினரை ஏற்று வளர்க்கும் இல்லமே அன்றி, விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் நீதிமன்றம் அன்று.

தந்தையையும் பழிக்க வேண்டியதில்லை. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. மனைவியைப் பழிக்க இடமில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

இதை நம் உழவர்கள் அறியாதவர்களா? கால்நடை மருந்தகத்தில் பசுவிற்குச் சினை ஊசி போடும்போது, கிடாரிக் கன்றே பிறப்பதற்கென்று பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்து இப்போது கிடைக்கிறது. அதைக் கேட்டுப் போடுவோர் பலர். காளையின் விந்தில்தான் கன்றின் பாலினம் அடங்கியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் அவ்வூசியை எவரேனும் வாங்குவரோ? தொழுவத்தில் ஏற்றுக்கொண்ட உண்மையை வீட்டிற்குள் நுழையும்போது திண்ணையிலேயே விட்டுவிடுவது என்ன நியாயம்? பசு கிடாரி ஈன்றால் சருக்கரை வழங்குகிறோம். மருமகள் மகளைப் பெற்றால் முகம் வாடுகிறோம். பசுவின் பெண்மை பாலாகவும் பணமாகவும் தெரிகிறது. மகளின் பெண்மை வரதட்சணைச் செலவாக மட்டும் தெரிகிறது. குறை நம் கணக்கில்தான் இருக்கிறது.

கருவின் பாலினத்தை அறிந்து சொல்வதும் கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். நமக்கோ அது சட்டத்தை மட்டும் சார்ந்ததன்று. கருவில் தோன்றிய உயிர் எதுவாயினும் அது இறைவனின் கொடை என்பதை 1995இல் வெளிவந்த ‘வாழ்வின் நற்செய்தி’ என்னும் திருமடல் உறுதியாகப் போதிக்கிறது.

கருப்பையை எடுத்துவிடலாமா?

மூன்றாம் வினாவிற்கு விடை காண, பெண்ணின் கருப்பைக்கும் பசுவின் கருப்பைக்கும் உள்ள இன்னொரு வேற்றுமையை அறிய வேண்டும். பசுவின் நச்சுக்கொடி கருப்பையின் மேற்பரப்பில் ஒட்டி நிற்கிறதே தவிர, உள்ளே வேரூன்றுவதில்லை. ஆகையால் அது விழும்போது குருதிப்போக்கு மிகக் குறைவு. தாயின் குருதியிலுள்ள நோய்த் தடுப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்லவும் வழியில்லை. பிறந்தவுடன் கன்றுக்குச் சீம்பால் ஊட்டியே தீரவேண்டும் என்பது இதனால்தான்.

மனிதக் கருவின் நச்சுக்கொடியோ தாயின் கருப்பைக்குள் ஆழ வேரூன்றுகிறது. அதன் வேர்கள் தாயின் குருதியிலேயே மூழ்கியிருக்கின்றன. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கருப்பைக்குள் பாய்கின்றது. தாய் தன் குருதியிலுள்ள காப்புப் பொருள்களைப் பிள்ளைக்கு வயிற்றிலேயே வழங்கிவிடுகிறாள். இத்துணை நெருக்கத்திற்கு அவள் தரும் விலையும் பெரிது. நச்சுக்கொடி பிரிந்ததும் உள்ளே பெரியதொரு புண் திறந்து நிற்கிறது. அப்போது கருப்பையின் தசைநார்கள் இறுகி, தம்மூடே செல்லும் குருதிக் குழாய்களைக் கயிறு போல் நெரித்து அடைக்கின்றன. அத்தசை இறுகத் தவறினால் சில மணித்துளிகளில் உயிருக்கே ஆபத்து நேரும். பசுவின் நஞ்சுக்கொடி விழப் பன்னிரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம். பெண்ணிடம் அரைமணி நேரத்திற்கு மேல் பொறுத்திருத்தல் ஆகாது. எவரும் அதைப் பிடித்து இழுத்தலும் கூடாது. இன்று தமிழகத்தில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையிலேயே நிகழ்வது பெரும் பேறாகும். பிள்ளைக்கு உடனே தாய்ப்பால் கொடுத்தால், ஆக்சிடோசின் என்னும் சுரப்பு பெருகிக் கருப்பை மேலும் இறுகும். தாய்க்கும் சேய்க்கும் நலம்.

மாதவிலக்கும் இந்நெருக்கத்தின் விளைவே. ஆழ வேரூன்ற வரும் கருவிற்காகக் கருப்பை மாதந்தோறும் மென்மையான படுக்கை ஒன்றை விரித்து வைக்கிறது. விருந்தினர் வராதபோது அப்படுக்கை கலைந்து வெளியேறுகிறது. மனிதரும் குரங்கினமும் வௌவால்களில் சிலவும் தவிரப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இது இல்லை. இதில் அசுத்தம் எங்கே இருக்கிறது? பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கினால் வருந்திய பெண், கூட்டத்தில் ஆண்டவரின் ஆடையைத் தொட்டபோது அவர் விலகி நிற்கவில்லை. அவளை மகளே என்று அழைத்து, அமைதியோடு அனுப்பினார். நம் வீட்டு மகள்களைத் தீட்டென்று ஒதுக்கி வைக்க நமக்கு என்ன உரிமை?

பேற்றுக்குப் பின் கருப்பை தன் நிலைக்குத் திரும்ப ஆறு வாரங்கள் வேண்டும் என்று கண்டோம். அக்காலத்தில் குடம் சுமப்பதும், விறகுக் கட்டு தூக்குவதும், கட்டட வேலைக்குச் செல்வதும் கருப்பையைத் தாங்கும் தசைகளை நலியச் செய்கின்றன. பல பேறுகளும் ஓயாத பாரமும் சேர்ந்தால் பிற்காலத்தில் கருப்பை இறக்கம் நேர்கிறது. ஈன்ற பசுவிற்கு ஓய்வு தரத் தெரிந்த நமக்கு, ஈன்ற பெண்ணுக்கு ஆறு வாரம் ஓய்வு தரத் தெரியவில்லை என்றால் அது வறுமையினால் மட்டும் நேர்வதன்று.

கருப்பையில் தொல்லை வந்ததும் அதை அகற்றிவிடும் எண்ணம் இன்று பரவியிருக்கிறது. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டச் செல்லும் ஏழைப் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே திடுக்கிடச் செய்தது. மாதவிலக்கினால் ஒரு நாள் கூலி போய்விடக் கூடாது என்பதும் அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் நெறிமுறைகளைச் செயல்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

புற்றுநோய், பெரிய கட்டிகள், மருந்திற்கு அடங்காத குருதிப்போக்கு ஆகியவற்றிற்கு அறுவை உயிர்காக்கும் சிகிச்சையே. அப்போது அஞ்சித் தயங்குவதும் தவறு. திருச்சபையும் உயிர்காக்கும் சிகிச்சைக்குத் தடை சொல்வதில்லை. ஆனால், "பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு?" என்று எண்ணுவது சரியன்று. அதனோடு சூலகங்களையும் இளவயதில் அகற்றிவிட்டால் எலும்புகள் நலிவடையும். இதய நோய்க்கும் இடமுண்டாகும். ஆகவே அறுவைக்கு உடன்படும் முன் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். மருந்தினால் தீருமா என்று வினவுங்கள்.

அஞ்ச வேண்டிய அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். மாதவிலக்கு முற்றிலும் நின்றபின் குருதி காண்பது, உறவுக்குப் பின் குருதி காண்பது, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தக் கூடியது. முப்பது வயது கடந்த பெண்கள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். வலியற்றது, சில மணித்துளிகளே ஆகும். 9 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கு அந்நோயைத் தடுக்கும் ஊசியும் உண்டு.

இரக்கம் என்னும் சொல்லின் வேர்

பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியில் கருப்பைக்கு ‘ரெஹெம்’ என்று பெயர். அச்சொல்லோடு வேர்த்தொடர்புடைய ‘ரஹமிம்’ என்னும் சொல் இறைவனின் இரக்கத்தைக் குறிக்கிறது. தாய் தன் வயிற்றுப் பிள்ளையின்மேல் கொள்ளும் அன்பைப் போன்றது இறைவனின் இரக்கம் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1980இல் எழுதிய இரக்கத்தைப் பற்றிய திருமடலில் விளக்கியிருக்கிறார். இறைவன் தம் இரக்கத்திற்கு உவமையாகக் கொண்ட உறுப்பை, நாம் பழிக்கும் இழிவுக்கும் உரியதாக்கலாமா?

கணவன்மாரே, உங்கள் மனைவி மருத்துவரிடம் செல்லும் நாளில் உடன் செல்லுங்கள். மருத்துவர் கூறுவதை நீங்களும் கேளுங்கள். மாமியார்மாரே, கரு கலைந்த மருமகளுக்கும் பெண்மகவு பெற்ற மருமகளுக்கும் முதல் ஆறுதல் உங்கள் வாயிலிருந்தே வரட்டும். தாய்மார்களே, பருவமெய்திய மகளிடம் இவ்வுறுப்பின் அமைப்பையும் பணியையும் நாணமின்றி எடுத்துரையுங்கள். நீங்கள் சொல்லாததை வேறு எவரோ தவறாகச் சொல்லிக் கொடுப்பர். அன்பியக் கூட்டங்களிலும் மாதா சபைக் கூட்டங்களிலும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் செவிலியர் ஒருவரை அழைத்து இதைப் பற்றிப் பேசச் செய்யுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபமாலையில் அன்னையின் வயிற்றை வாழ்த்தும்போது, உங்கள் இல்லத்துத் தாயையும் மருமகளையும் மகளையும் அவ்வாழ்த்தில் ஒரு கணம் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.